பிடி ஒன்று, தலை ஒன்று

ரேசர் தலையின் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. இல்லை, அதற்கு முன்பே, கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது, எடை சரியில்லை, பிடியைவிடத் தலை கனத்து முன்னால் கவிழ்ந்தது, மனசு ஒத்துக்கொள்வதற்குத்தான் மூடியைத் திறக்க வேண்டியிருந்தது. பிடி பித்தளை, மேலே நிக்கல் முலாம். நிக்கல் வயதானால் லேசாக மஞ்சள் பாய்ந்து மங்கும். இது மங்கியிருக்கிறது. தலையில் அந்த மஞ்சள் இல்லை, ஜன்னல் பக்கம் திருப்பினால் ஒரு நீலம் ஓடுகிறது, மழைக்கு முன்னால் கடல் காட்டுமே அந்த நீலம், அது குரோமியம். பிடி ஒரு காலம், தலை ஒரு காலம். இதில் பதற என்ன இருக்கிறது, இருபத்தைந்து வருஷமாக இதைத்தானே செய்கிறேன், பொன்மலை ரயில்வே பட்டறையில் கருவி அறையில் வேலை பார்த்த நாளிலிருந்து. வாரச்சந்தையில் பழைய இரும்புக்காரர்களிடம் பொறுக்கியது, பினாங்கிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளிலிருந்து கேட்டு வாங்கியது, எழுபத்துமூன்று ரேசர்கள், எல்லாம் ஒரு பக்கம் மட்டும் கூருள்ள தடித்த பிளேடு போடுகிற பழைய ஜாதி, இப்போது கடையில் விற்கிற பிளேடு அதில் நுழையாது. அவற்றில் பாதிக்கு மேல் ஒட்டு. ஒட்டு என்பது நான் வைத்த பேர். ஒன்றின் தலை, இன்னொன்றின் பிடி, மூன்றாவதன் கீல். உடைந்ததை எறிய மனசில்லாத யாரோ உடையாத எதனோடோ சேர்த்து முடுக்கியது. பம்பாயிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தபாலில் அனுப்பிக் கேட்பார்கள், இத்ரீஸ் சார், இது முழுசா ஒட்டா என்று. பார்த்துச் சொல்வேன். ஒருமுறைகூட ஒட்டை முழுசு என்று சொன்னதில்லை. மாமனார் கொடுத்தது என்று ஒரு டாக்டர் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை, முகத்துக்கு நேரே ஒட்டு என்றேன், டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். முலாம் பொய் சொல்லாது, மரை பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்று அன்றைக்கு என் மனைவி சபூராவிடம் பெருமையடித்தேன். அவள், உங்களுக்கு ரேசரோட மூஞ்சிதான் தெரியும், மனுஷன் மூஞ்சி தெரியாது என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் இது வாப்பாவின் ரேசர். அதுதான். இது ஒட்டாக இருக்கக்கூடாது. வாப்பா முகம்மது யாகூப் பினாங்கில் ஒரு துணிக்கடையில் இருந்தவர், போவதும் வருவதுமாக, கடைசியாக முப்பத்தெட்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது எனக்கு மூன்று வயது. பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தான், தமிழ் ஆட்களை ஆயிரக்கணக்கில் கூட்ஸ் வண்டியில் ஏற்றி சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனான், வாப்பாவையும் அவர் கூட்டாளி மீரானையும் சேர்த்து. நாற்பத்தாறில் மீரானிடமிருந்து கடிதம் வந்தது, யாகூப் நாற்பத்துமூன்றிலேயே முகாமில் காலராவில் மவுத்தாகிவிட்டான் என்று. ஐம்பத்தொன்றில் மீரானே நாகூருக்கு வந்து இந்த ரேசரை உம்மாவின் கையில் கொடுத்தார், உம்மா பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த வாப்பா. நானாக வைத்திருப்பது ஒன்றே ஒன்று, கன்னத்தில் குளிர்ச்சியாக ஒரு உலோகம், சோப்பு வாசனை, யாரோ சிரிக்கிறார்கள். அது நடந்ததா, ரேசர் சேர்க்க ஆரம்பித்த பிறகு எனக்கு நானே செய்துகொண்டதா, தெரியாது. அதை எந்தப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், உம்மா, அந்த ரேசரை ஒருமுறை காட்டுங்கள். சாவியைக் காணோம் என்பாள். பெட்டகம் திறக்க வரமாட்டேங்குது என்பாள். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நாளைக்குப் பார்க்கலாம் என்பாள். ஊரிலுள்ள எல்லார் வாப்பாவின் ரேசரையும் பார்த்தாயிற்று, என் வாப்பாவுடையதைத் தவிர. இன்று காலையில், என்னை நானா என்று கூப்பிடுகிற தம்பி சக்கரியா வந்தான், உம்மாவின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைச் செல்லமாகப் பிடுங்கினான், இரண்டு நிமிஷத்தில் ரேசரை என் மேஜைமேல் வைத்துவிட்டான். நானா, துடைச்சு வைங்க, நாலு மணிக்கு மேடத்தைக் கூட்டிட்டு வாறேன் என்றான். துடைக்கக்கூடாதுடா, துடைத்தால் எல்லாம் போய்விடும் என்றேன். அவன் அதற்குள் வாசலில் இருந்தான்.

மேடம் என்பவள் திலகவதி, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவள். சயாம் பாதையில் செத்துப்போன தமிழர்கள் வைத்திருந்த பொருட்களையெல்லாம் தேடி ஒரு கண்காட்சி வைக்கிறாள். தகரக் குவளை, சட்டைப் பித்தான், ஒரு கடிதம், எங்களுடைய ரேசர். அவள் முன்னமே அனுப்பிய படிவம் இதோ பூதக்கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறது. பொருளின் உரிமையாளர். அவர் இறந்த ஆண்டு. இப்பொருள் அவர் இறந்தபோது இருந்த நிலையிலேயே உள்ளதா, பிற்பாடு மாற்றப்பட்ட பாகம் உண்டா, மாற்றியவர் யார், கையெழுத்து. லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன், இப்போது மணி இரண்டே கால். அடுப்படியில் சபூரா வருகிறவர்களுக்கு வாடா சுட மாவு கலக்குகிறாள், கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம். படிவத்தில் இறந்த ஆண்டு என்ற இடத்தில் 1943 என்று காலையிலேயே நான் எழுதிவிட்டேன், மூன்றின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. மறுபடியும் பார். நிதானமாகப் பார். பிடியின் அடியில் கீறியிருக்கிறது, யா, ஊசியால் கீறிய சின்ன எழுத்து, பிடி அவருடையதுதான், அதில் சந்தேகம் கிடையாது. தலை. தலையின் வாயில் சீப்பு இல்லை. சண்டைக்கு முந்திய தலைகளில் பிளேடுக்குக் கீழே பல்பல்லாகச் சீப்பு மாதிரி இருக்கும். இதில் பல் இல்லை, நேராக ஒரு பட்டை, பட்டையில் குறுக்கே கோடுகள். இந்தத் தலை எனக்குத் தெரியும். ஒன்பதாம் நம்பர் இழுப்பறையில் அட்டைப்பெட்டி கலையாமல் இதே தலை ஒன்று இருக்கிறது, அந்தக் கம்பெனி இந்த மாடலைப் புதிதாக இறக்குகிறோம் என்று அச்சடித்த காகிதம் உள்ளே நாலாக மடித்து இருக்கிறது, காகிதத்தின் அடியில் 1947. எழுந்துபோய் எடுத்துப் பார்த்தேன். 1947. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் 1947. நாற்பத்துமூன்றில் செத்தவர் நாற்பத்தேழில் வந்த தலையை எப்படி முடுக்கினார்.

முடுக்கியது மீரான். வேறென்ன, எவ்வளவு சுலபம். பழைய தலை முகாமில் உடைந்திருக்கும், கூட்டாளியின் நினைவாகப் பிடியை வைத்திருந்தவர், பினாங்குக்குத் திரும்பியதும் புதுத்தலை வாங்கி மாட்டித் தானே சவரம் செய்துகொண்டிருப்பார், பிறகு கொண்டுவந்து கொடுத்திருப்பார். முடிந்தது. படிவத்தில் எழுதிவிடலாம், தலை நண்பரால் மாற்றப்பட்டது. பேனாவை எடுத்தேன், மூடியைக் கழற்றினேன், அப்போது மீரான் வந்து நின்றார். ஐம்பத்தொன்றில் எங்கள் வீட்டு வாசல்படியில் நின்ற மீரான், வெளுத்த கைலி, கையில் துணிப்பை, நெஞ்சுவரை தாடி. தாடி. நான்தான் கதவைத் திறந்தேன், அந்தத் தாடியைத்தான் முதலில் பார்த்தேன், ஒரு சாண் தாடி, இரண்டு கன்னத்திலும் காதுவரை மண்டியது, அது ஒரு மாதத்தில் வளர்ந்ததில்லை, நாலைந்து வருஷத் தாடி. அவருக்கு எதற்கு ரேசர். அப்படியானால் வாப்பாவின் தம்பி, என் சின்ன வாப்பா. இல்லை, சின்ன வாப்பா கடைக்குப் போய்த்தான் சவரம் செய்துகொள்வார், வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் போக ரேசர் வந்த அன்றைக்கே பெட்டகத்துக்குள் போய்விட்டது. சரி, யாரும் சவரம் செய்யவில்லை என்று வைத்துக்கொள். மீரான் சும்மா அழகுக்கு ஒரு தலையை மாட்டிக் கொடுத்தார், பிடியை மட்டும் எப்படி ஒரு விதவை கையில் கொடுப்பது என்று. அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் நல்லது, அப்படி இருக்கட்டும் என்று பூதக்கண்ணாடியைப் பிடியும் தலையும் சேருகிற இடத்துக்குக் கொண்டுபோனேன், ஏன் கொண்டுபோனேன். பழக்கம். அங்கே பச்சைக் களிம்பு. பிடியில் தொடங்கி இணைப்பைத் தாண்டித் தலைக்கு ஏறி, நடுவில் எங்கும் அறாமல், ஒரே தோலாக. களிம்புக்கு நடுவே சோப்பு காய்ந்து கல்லாகியிருக்கிறது, அடுக்கடுக்காக. பெட்டகத்துக்குள் களிம்பு இப்படி வளராது. தண்ணீர் வேண்டும். ஈரமாக வைத்து, மறுநாள் மறுபடி ஈரமாக்கி, இப்படி மூன்று வருஷம் நாலு வருஷம் காலைகள் வேண்டும். இணைப்புக்குள் விளிம்பு தெரிகிறது, செம்பு, பிடியின் மரை தலைக்குப் பொருந்தாமல் லொடலொடத்திருக்கிறது, மரையைச் சுற்றிச் சன்னமான செப்புத் தகடு ஒன்றை மடித்து வைத்து முடுக்கியிருக்கிறான் ஒருவன், பொறுமையாக, ஒரு மடிப்பு பிசகாமல். அழகுக்கு மாட்டுகிறவன் இந்தப் பாடு படமாட்டான். தினமும் முகத்தில் வைக்கப்போகிறவன்தான் படுவான்.

நாற்பத்தேழு, ஐம்பத்தொன்று. நடுவில் நாலு வருஷம். அதற்குமேல் யோசிக்காதே, எழுந்துபோய்த் தண்ணீர் குடி. தண்ணீர் குடித்தேன். சபூரா, என்னங்க முகம் ஒரு மாதிரி இருக்கு என்றாள், புழுக்கம் என்றேன். திரும்ப வந்து உட்கார்ந்தால் அதே இடத்தில் நாற்பத்தேழும் ஐம்பத்தொன்றும் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் இன்னொரு வருஷம் தலையை நீட்டுகிறது, நாற்பத்தொன்பது. கடிதம் வந்ததும் உம்மா இத்தா இருந்தாள், புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிற இருப்பு. எனக்குப் பதினொரு வயது, வெள்ளைத் துணியில் அவளைப் பார்க்கப் பயந்து அந்த அறைப்பக்கம் போகமாட்டேன். அடுத்த வருஷம் குடும்பத்தில் பேசி வாப்பாவின் தம்பி ஹபீபுக்கு அவளை நிக்காஹ் செய்துவைத்தார்கள், சாச்சாவாக இருந்தவர் சின்ன வாப்பா ஆனார். நாற்பத்தொன்பதில் சக்கரியா பிறந்தான். சக்கரியா, பள்ளிவாசல் ஜமாத்தின் செயலாளர், ஊரில் யார் வீட்டில் நிக்காஹ் என்றாலும் பதிவுப் புத்தகத்தோடு போய் உட்காருகிறவன், யாருக்கு யார் ஆகும் ஆகாது என்று சட்டம் பேசுகிறவன், போன வருஷம்கூட ஒரு பெண்ணின் பழைய கல்யாணம் சரியாக முறியவில்லை என்று நிக்காஹை நிறுத்திவிட்டு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னவன். அவன் பிறந்த வருஷத்தில் இந்தத் தலை யாரோ ஒருவரின் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர். பேர் சொல்லாதே. பேர் தெரியாது, அதனால் சொல்லாதே. பிடியில் கீறியிருக்கிறதே. வாயை மூடு.

ஒரு வழி இருக்கிறது. பதினான்காம் நம்பர் இழுப்பறையில் சண்டைக்கு முந்திய தலை ஒன்று தனியாகக் கிடக்கிறது, சீப்புப் பல் ஒன்றுகூட வளையாதது, நிக்கல் முலாம், அதே மஞ்சள், அதே மங்கல், இந்தப் பிடிக்காகவே செய்த மாதிரி. ஐந்து நிமிஷ வேலை. இதைக் கழற்றி அதை மாட்டினால் ரேசர் முழுசாகிவிடும். முழுசு என்று கையெழுத்துப் போட்டால் உலகத்தில் யார் மறுக்கப்போகிறார்கள், மறுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நாற்பத்துமூன்று நாற்பத்துமூன்றாகவே இருக்கும். மணி மூன்றாகப் போகிறது. இழுப்பறையைத் திறந்தேன், தலையை எடுத்து வைத்தேன், பொருந்தும், பார்த்தாலே தெரிகிறது பொருந்தும். துணியை வைத்துப் பிடியை இடது கையில் பிடித்து, தலையை வலது கையில் பிடித்து, திருகினேன். அசையவில்லை. களிம்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் களிம்பு நொறுங்கும், ஐம்பது வருஷத்துச் சோப்பு மேஜைமேல் தூளாக விழும், ஊதிவிடலாம். யாருடைய முகத்துச் சோப்பு. கை நின்றுவிட்டது. நிறுத்தியது நான் இல்லை, கை. அப்போது உள்ளறையிலிருந்து உம்மாவின் குரல், "இத்ரீசு". சத்தமாகக்கூட இல்லை. எழுபத்தொன்பது வயது, பக்கத்து அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருக்கிறாள், மணி உருள்கிற சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. ரேசரை எடுத்துக்கொண்டே போனேன்.

"கதவைச் சாத்து" என்றாள். சாத்தினேன். எழுந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்தாள். என் கையைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"என்னா தெரிஞ்சுது?"

"தலை வாப்பாவோடது இல்ல உம்மா. சண்டைக்குப் பொறவு வந்தது. நாப்பத்தேழுக்கு முந்திக் கெடையாது."

"அவங்களோடதுதான்" என்றாள்.

அடுப்படியில் எண்ணெய் இரைந்தது. எனக்கு அந்த எண்ணெய்ச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. உட்காரு என்றாள், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன், அறுபத்துமூன்று வயதில் சின்னப் பையன் மாதிரி ரேசரை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டேன்.

"நீ இந்தப் பைத்தியத்தைப் புடிச்ச நாள்லேருந்து இதை உன் கண்ல காட்டாம வச்சிருந்தேன். வேற யார் பாத்தாலும் ஒண்ணுமில்ல. நீ பாத்தா தெரிஞ்சுருமுன்னு தெரியும். அவன் இன்னைக்கு சாவியைப் புடுங்கிட்டான், நான் என்னத்தைச் சொல்லி மறிப்பேன்" என்றாள். பிறகு சொன்னாள், தண்ணீர் குடிக்காமல், நிறுத்தாமல், இந்த வாக்கியங்களைப் பல வருஷமாக வாய்க்குள் வைத்துத் தேய்த்து வைத்திருந்தவள் மாதிரி. "காலரா வந்ததுன்னு அவங்களை முகாம்ல கொட்டகையில போட்டுட்டு, மத்தவங்களை அன்னைக்கே வேற எடத்துக்கு ஓட்டிட்டுப் போயிட்டானாம் ஜப்பான்காரன். அந்தக் கொட்டகையில போட்டவங்க யாரும் பொழைச்சதில்லையாம். அதனாலதான் மவுத்துன்னு எழுதிட்டேன்னு மீரான் என் முன்னாடி உக்காந்து தேம்பினார். நாப்பத்தெட்டுல பினாங்குக் கடைத்தெருவுல பின்னாலேருந்து யாரோ மீரானேன்னு கூப்புட்டாங்களாம். திரும்பினா அவங்க. ஒரு கால் முட்டிக்குக் கீழ இல்ல. சண்டை முடிஞ்சும் ரெண்டு வருஷத்துக்கு மேல சயாம்ல ஆஸ்பத்திரியில கெடந்துட்டு அப்பத்தான் வந்திருக்காங்க. ஊருக்குப் போகணும், கப்பல் எப்பன்னு கேட்டாங்களாம். மீரானுக்கு வேற வழியில்ல, சொல்லிட்டார். உன் பெண்சாதிக்கும் உன் தம்பிக்கும் நிக்காஹ் ஆயிருச்சுன்னு."

"வாப்பா என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாள் பேசவே இல்லையாம். மூணாம் நாள், நீ எழுதின கடிதாசி எழுதினதாவே இருக்கட்டும், நான் மவுத்தாவே இருந்துட்டுப் போறேன், அவ இப்பத்தான் ஒரு வீட்டுல நிமிந்து உக்காந்திருப்பான்னாங்களாம். அங்கேயே ஒரு தையக்கடையில பித்தான் தைச்சிக்கிட்டு இருந்தாங்க. அம்பத்தொண்ணு ரஜப் மாசம் காய்ச்சல்ல போயிட்டாங்க. இனிமே மறைச்சா நான் அல்லாகிட்ட பதில் சொல்ல முடியாதுன்னு அடுத்த மாசமே, ஷாபான்ல, மீரான் வந்து நின்னார்." விரலால் ரேசரைக் காட்டினாள். "பழைய தலை முகாம்லயே ஒடைஞ்சுருச்சாம். பிடியை இடுப்புல முடிஞ்சு வச்சிருந்தாங்களாம். பொறவு புதுத்தலை வாங்கி அவங்களே முடுக்குனாங்க, பொருந்தலன்னு நாள் பூரா உக்காந்து என்னமோ தகட்டை வச்சு முடுக்குனாங்கன்னு மீரான் சொன்னார்."

அப்படியானால் அந்த மடிப்பு. ஒரு மடிப்பு பிசகாமல் என்று சற்று முன்னால் யாரோ அந்நியனை மெச்சினேனே, அது அவர் விரல். பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் பொருந்தாததைத் தகடு வைத்துப் பொருத்தினேன், யார் சொல்லித்தந்தார்கள் என்று மேஸ்திரி கேட்பார், யாருமில்லை என்பேன். எனக்கு எட்டு வயதில் அவர் சாகவில்லை. எனக்குப் பதிமூன்று வயதானபோது கடைத்தெருவில் கப்பல் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார், பதினான்கில், பதினைந்தில், நான் வாப்பா இல்லாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் இலவசப் புத்தகத்துக்கு வரிசையில் நின்றபோது, அவர் எங்கோ ஒரு கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். கோபமா இது. என்னவென்று தெரியவில்லை. ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஊருக்குத் தெரியும், தெரிந்தால் உம்மா, தெரிந்தால் சக்கரியா, அதனால் எழுதவில்லை, சரி, சரி, புரிகிறது, ஆனால் ஒரு வரி. அதற்குள் இன்னொன்று மேலே வந்துவிட்டது, அதை விழுங்க முடியவில்லை. "அப்போ சக்கரியா" என்றேன்.

"அவன் மேல ஒண்ணுமில்ல" என்றாள், சட்டென்று, பாய்கிற மாதிரி. "மீரான் காயல்பட்டினத்துல மார்க்கம் படிச்ச ஒரு ஆலிம்கிட்ட யாரோ ஒருத்தர் சங்கதி மாதிரி பேர் சொல்லாமக் கேட்டுட்டு வந்தார். தெரியாம நடந்தது, புள்ளை மேல குத்தமில்ல, தகப்பனுக்குப் பொறந்த புள்ளைதான்னாங்களாம். ஆனா தெரிஞ்ச அன்னையிலேருந்து ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கணும், நான் இத்தா இருக்கணும், முடிஞ்சதும் புதுசா நிக்காஹ் செய்யணும்னாங்க. உன் சின்ன வாப்பாகிட்ட சொன்னேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை கேக்கல. அண்ணன் உசிரோட இருந்திருக்காருன்னு சொவத்துல தலையை வச்சு நின்னாங்க. ஊருக்கும் உனக்கும் காமாலைன்னு சொல்லிட்டோம், நீதான் என்னைக் காரைக்கால்ல என் லாத்தா வீட்டுல கொண்டுபோயி விட்டியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. காமாலை. கூண்டு வண்டியில் முழுக்க மூடிப் படுத்திருந்தாள், கண் மஞ்சளாக இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன், இல்லை, சிவப்பாக இருந்தது. நாலு மாதத்துக்கு மேல். அந்த நோன்புப் பெருநாளுக்கு உம்மா வீட்டில் இல்லை. சக்கரியாவுக்கு இரண்டு வயது, சாயங்காலமானால் உம்மா உம்மா என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுவான், நான்தான் தூக்கிக்கொண்டு தர்கா குளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன், புறாவைக் காட்டுவேன், கடைசியில் அழுகை நின்று என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நானா என்பான். அவன் அந்தச் சொல்லைத் திருத்தமாகச் சொல்லக் கற்றது அப்போதுதான். சின்ன வாப்பா அந்த மாதங்களில் எங்களோடு சாப்பிட உட்காரமாட்டார், கடையிலேயே படுத்துக்கொள்வார், உம்மா இல்லாத கவலை என்று நினைத்தேன். அவள் அங்கே ஒரு அறைக்குள், செத்துப்போனதாக ஏற்கெனவே ஒருதரம் அழுது முடித்த புருஷனுக்காக, யாருக்கும் கேட்காமல் இரண்டாம் தடவை இத்தா இருந்தாள். முடிந்ததும் அவள் அக்கா, அந்த லாத்தா வீட்டிலேயே மீரானையும் லாத்தாவின் புருஷனையும் சாட்சி வைத்து, ஏற்கெனவே தன் பெண்சாதியாக இருந்தவளைச் சின்ன வாப்பா மறுபடி நிக்காஹ் செய்தார். "மஹர் என்னா வேணும்னு கேட்டாங்க" என்றாள் உம்மா, நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற கொடையைச் சொல்கிறாள். "பையன்கிட்ட சொல்லக்கூடாது, ரெண்டு பையன்கிட்டயும், அதுதான் மஹர்னேன்."

சாட்சிகள் இருவரும் லாத்தாவும் போய்விட்டார்கள், சின்ன வாப்பா போய்ப் பத்தொன்பது வருஷம், இவள் ஒருத்தி மட்டும் இதைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். தொடவேண்டும் போல இருந்தது. தொடவில்லை. வேறொன்று கேட்டேன், கேட்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

இவ்வளவு நேரம் ஒரு நாள், ஒரு மாதம் பிசகாமல் சொன்னவள், உதட்டை மடித்தாள், கண் ஜன்னலுக்குப் போனது, திரும்பி வந்தது. "கேட்டாங்களாம்" என்றாள். "மூணாம் நாள் பேச ஆரம்பிச்சதும் மொதல்ல உன்னைத்தான் கேட்டாங்களாம். மீரான் சொன்னார். என்னா கேட்டாங்கன்னும் சொன்னார்." என்ன கேட்டாங்க என்றேன். "மறந்துட்டேன் இத்ரீசு. அன்னைக்கு என் தலைக்குள்ள வேற எதுவும் நிக்கல. பொறவு எத்தனையோ ராத்திரி யோசிச்சுப் பாத்துட்டேன், மீரான்கிட்டத் திருப்பிக் கேக்கலாமுன்னா அவர் அடுத்த வருஷமே போய்ட்டார். அல்லா மேல ஆணையா மறந்துட்டேன்." அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, நகம் பதிகிற அளவுக்கு. சின்னக் கேள்வியாக இருந்திருக்கும். உயரமாக இருக்கிறானா. எந்த வகுப்பு. ஓதுகிறானா. எது வேண்டுமானாலும் இருக்கலாம், எதை வைத்தாலும் பொருந்தும், எதையும் வைக்க முடியாது. பரவாயில்லை உம்மா என்றேன். பரவாயில்லை என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது, வாசலில் ஸ்கூட்டர் நின்ற சத்தம் கேட்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திலகவதி நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், முப்பத்தைந்து இருக்கும், வெயிலில் வந்த முகம். வாடாவை மரியாதைக்கு ஒன்று எடுத்துக் கடித்துவிட்டு, வெள்ளைத் துணியை மேஜையில் விரித்து ரேசரை அதில் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்தாள். கை நடுங்காமல் எடுத்தாள், பொருளைத் தொடுகிற விதத்திலேயே எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது, அதனாலேயே பயமாகவும் இருந்தது. பழைய தலை இழுப்பறையில்தான் இருக்கிறது, மாட்டவில்லை. சக்கரியா என் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தான், அவன் போட்ட அத்தர் வாசனை கழுத்தில் அடிக்கிறது. "எங்க நானாவை விட்டா இதுக்கு ஆள் கெடையாது மேடம். ஒரு பார்வை பாத்தாங்கன்னா போதும்" என்றான். திலகவதி சிரித்தாள், படிவத்தை எடுத்தாள். 1943 என்பதைப் படித்து டிக் போட்டாள்.

"அப்ப இருந்த மாதிரியேதான் இருக்கா சார்? எந்தப் பாகமும் பின்னால மாத்தலையே?"

மாற்றவில்லை என்று ஒரு சொல். அவளுக்குத் தெரியாது. இன்று தெரியாது. நாளைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க என்னைப் போல ஒருவன் வருவான், குனிந்து பார்ப்பான், இந்தத் தலை நாற்பத்தேழு என்பான், விசாரிப்பான், ஒருவன் போதும். மாற்றினார்கள் என்றால் யார் என்பாள். மீரான் என்று சொல்லலாம், மீரானுக்குத் தாடி, தாடியைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். யோசிக்க நேரம் எடுக்கிறேன், எடுக்கக்கூடாது, ஒரு பார்வையில் சொல்லுகிற ஆள் நான். உள்ளறைக் கதவு அரையடி திறந்திருக்கிறது. இருட்டுக்குள் வெள்ளையாக முக்காடு.

"பிடி அவங்களோடது" என்றேன். "சந்தேகமே இல்ல. அடியில எழுத்து இருக்கு பாருங்க. தலை அவங்களோடது இல்ல. பின்னால மாட்டினது."

அவள் பேனா நின்றது. "அப்படியா. யார் சார் மாட்டினது?"

என் பின்னால் சக்கரியா அசைவது தெரிந்தது. "நான்தான்" என்றேன். குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது. "மீரான் கொண்டாந்து குடுத்தப்ப பிடி மட்டுந்தான் இருந்துச்சு. ஒரு தலை கெடைச்சது, பழசு, யாரோ தூக்கிப் போட்டது. மரை பொருந்தல, தகடு வச்சு முடுக்கிட்டேன். அதுக்குப் பொறவுதான் உம்மா உள்ள வச்சுப் பூட்டுனாங்க. வெவரம் தெரியாத வயசு."

"பரவாயில்ல சார், இதுவும் ஒரு தகவல்தான்" என்று திலகவதி குனிந்து எழுதினாள். தலைகீழாகப் படித்தேன். தலைப்பகுதி பிற்பாடு மகனால் இணைக்கப்பட்டது. படிவத்தை என் பக்கம் திருப்பினாள், நான் கையெழுத்துப் போட்டேன், முகம்மது யாகூப் மகன் இத்ரீஸ் என்று, வழக்கமாகப் போடுகிற மாதிரிதான். இருபத்தைந்து வருஷத்தில் நான் எழுதிக்கொடுத்த முதல் பொய். ஆனால் மகனால் என்ற அந்தச் சொல்லில் மை காய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களா?" சக்கரியாவால் தாங்க முடியவில்லை. "ஊரான் சாமான்ல ஒரு ஆணியை மாத்தினாலே ஒட்டு ஒட்டுன்னு கத்துவீங்க. பெரிய வாப்பா சாமான்லயா நானா போய்க் கையை வச்சீங்க? இத்தனை வருசமா வாயைத் தொறக்கல பாருங்களேன், இவங்களை நம்பி நான் ஊரு பூரா சொல்லிட்டுத் திரியிறேன்."

கதவு திறந்தது. உம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"ஏசாதே சக்கரியா" என்றாள். "அப்ப அவனுக்குப் பதினாறு வயசு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."